வகுப்பறையில் இரண்டாவது ஆள்

1998-ல் இருங்காட்டுக்கோட்டை ஆலையிலிருந்து ஹூண்டாயின் முதல் சான்ட்ரோ கார் வெளிவந்தது. 2006-ல் ஸ்ரீபெரும்புதூருக்கு நோக்கியா வந்தது, 2014-ல் உற்பத்தியை நிறுத்தியது. ஒரகடத்தில் 2010-ல் ரெனோ-நிசான், 2012-ல் டெய்ம்லர், 2013-ல் ராயல் என்ஃபீல்டு. இந்த வரலாற்றை இங்கே டீக்கடையில் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். அதே கால் நூற்றாண்டில் வல்லம், வடகால், மாத்தூர், பிள்ளைப்பாக்கம், சுங்குவார்சத்திரம் வட்டாரத்துப் பள்ளி வகுப்பறைகள் எப்படி மாறின என்பதைச் சொல்ல ஆள் குறைவு.

மாற்றம் பெரியது. சிப்காட்டுக்கு நிலம் கொடுத்த குடும்பத்துப் பிள்ளையும், தென் மாவட்டத்திலிருந்து பிழைக்க வந்தவரின் பிள்ளையும், பீகார், ஒடிசா, ஜார்கண்ட், அசாமிலிருந்து வந்து லைன் வீட்டில் குடியிருப்பவரின் பிள்ளையும் ஒரே பாயில் உட்கார்கிறார்கள். ஒரு குழந்தையின் அப்பா சி ஷிப்ட் முடித்து வீட்டில் தூங்குகிறார். இன்னொரு குழந்தையின் அம்மா விடியற்காலையிலேயே கம்பெனி பஸ் ஏறிவிட்டார். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009 சொல்லும் கணக்கு என்னவென்றால், தொடக்கப் பள்ளியில் 60 குழந்தைகள் வரைக்கும் இரண்டு ஆசிரியர்கள். ஐந்து வகுப்புக்கு இரண்டு பேர். அதில் ஒருவர் தலைமையாசிரியராகவும் இருப்பார். அவர் எமிஸ் இணையதளப் பதிவும் கூட்டமுமாகப் போய்விட்டால் மீதி இருப்பவர் ஒருவர்தான்.

இந்த நிலையில் யாரைக் கேட்டாலும் வருகிற முதல் கோரிக்கை, "உதவிக்கு ஒரு ஆள் போடுங்கள்" என்பது. நியாயமான கோரிக்கை. ஆனால் ஆள் போட்ட இடங்களிலெல்லாம் பிள்ளைகள் முன்னேறினார்களா என்று உலகம் முழுக்க நாற்பது ஆண்டுகளாகப் பார்த்திருக்கிறார்கள். கிடைத்த பதில் ஒரே மாதிரி இல்லை. சில இடங்களில் நல்ல பலன் இருந்தது, சில இடங்களில் ஒன்றுமே இல்லை, சில இடங்களில் உதவி பெற்ற குழந்தைதான் பின்தங்கியது. இந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பதுதான் இந்தக் கட்டுரையின் வேலை. என் முடிவை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். வேலையை எப்படிப் பிரித்தார்கள், பிரித்ததைப் பற்றி இருவரும் பேசிக்கொள்ள நேரம் இருந்ததா என்பதுதான் பெரும்பாலும் தீர்மானிக்கிறது. ஆளின் படிப்பும் பட்டமும் அதற்குப் பிறகுதான்.

உதவியாளர் என்று நம் ஊரில் ஒருவரை மட்டும் சொல்ல முடியாது. அங்கன்வாடியில் பணியாளருக்குத் துணையாக ஓர் உதவியாளர் இருக்கிறார். பிள்ளைகள் ஒருவரை டீச்சர் என்றும் மற்றவரை ஆயா என்றும் கூப்பிடுவார்கள். அரசு நடுநிலைப் பள்ளி வளாகத்து எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகளில் தொகுப்பூதியத்தில் வந்தவர்கள் உண்டு. 2021-ல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வியின் தன்னார்வலர்கள் உண்டு. மாற்றுத்திறன் குழந்தைகளுக்காக வட்டார வள மையத்திலிருந்து வந்து போகும் சிறப்புப் பயிற்றுநர்கள் உண்டு. தனியார் பள்ளிகளில் ஆயாம்மாவும் அசிஸ்டன்ட் மிஸ்ஸும் உண்டு. இவர்களோடு, எந்தப் பதிவேட்டிலும் இல்லாமல், நடக்க முடியாத தன் பிள்ளையின் பக்கத்தில் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கும் தாயையும் சேர்க்க வேண்டும்.

ஆசிரியர், உதவியாளர் என்ற இந்த ஏற்பாட்டின் உலகப் புகழ்பெற்ற பழைய கதை நடந்த இடம் ஸ்ரீபெரும்புதூரிலிருந்து நாற்பது கிலோமீட்டர் தூரத்தில்தான் இருக்கிறது. 1789-ல் எழும்பூரில், ஐரோப்பியப் படைவீரர்களுக்கும் இங்குள்ள பெண்களுக்கும் பிறந்த ஆண் பிள்ளைகளுக்கான அநாதை இல்லத்தின் பொறுப்பை ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் ஏற்றார். நம் பள்ளிப் பிள்ளைகள் தரையில் மணலைப் பரப்பி விரலால் எழுதிப் பழகுவதைப் பார்த்தார். அதையே தன் பள்ளியிலும் செய்யும்படி உதவி ஆசிரியரிடம் சொன்னார். அவர் முடியாது என்றார். பெல் அந்த வேலையை ஜான் ஃபிரிஸ்கின் என்ற எட்டு வயது மாணவனிடம் கொடுத்தார். சிறுவன் செய்து காட்டினான். நம் திண்ணைப் பள்ளிகளில் சட்டாம்பிள்ளை செய்துவந்ததற்குப் பக்கத்தில் வரும் ஏற்பாடுதான். பெல் 1797-ல் லண்டனில் இதை எழுதி வெளியிட, 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் இங்கிலாந்து முழுக்கப் பரவியது.

இந்தக் கதையைப் பெருமையாகச் சொல்லி நிறுத்திவிடுவது நம் வழக்கம். அதில் இரண்டு எச்சரிக்கைகளும் இருக்கின்றன. முதலாவது, பெரியவர்கள் இருவருக்குள் ஒத்துப்போகாததை ஒரு சிறுவனை வைத்துத் தீர்த்தது. பெல் அந்த உதவி ஆசிரியரோடு ஒரு வாரம் உட்கார்ந்து மணலில் எழுதிக் காட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை. இரண்டாவது, அந்த முறை இங்கிலாந்தில் பிடித்துப்போனதற்கு முக்கியக் காரணம் செலவு குறைவு. ஓர் ஆசிரியரை வைத்து நூற்றுக்கணக்கான பிள்ளைகளை ஓட்டிவிடலாம் என்பதுதான் கவர்ச்சி. உதவியாளரை ஆசிரியருக்குத் துணையாகப் பார்ப்பதா, ஆசிரியருக்குப் பதிலாகக் கிடைக்கும் மலிவான ஆளாகப் பார்ப்பதா என்ற கேள்வி அன்றைக்கே பிறந்துவிட்டது. இன்றைக்கும் ஒவ்வோர் அரசாணையிலும் அது ஒளிந்திருக்கிறது.

வெளிநாட்டு ஆய்வுகளில் மூன்றைப் பார்த்தால் போதும். அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் 1985-ல் 79 பள்ளிகளில் தொடங்கிய 'ஸ்டார்' சோதனையில் குழந்தைகளைக் குலுக்கல் முறையில் மூன்று வகை வகுப்புகளில் சேர்த்தார்கள். 13 முதல் 17 பேர் கொண்ட சிறிய வகுப்பு, 22 முதல் 25 பேர் கொண்ட வழக்கமான வகுப்பு, முழுநேர உதவியாளரோடு கூடிய வழக்கமான வகுப்பு. நான்கு ஆண்டு முடிவில் சிறிய வகுப்புப் பிள்ளைகள் தெளிவாக முன்னால் நின்றார்கள். உதவியாளர் இருந்த வகுப்புக்கும் இல்லாத வகுப்புக்கும் சொல்லிக்கொள்ளும்படியான வேறுபாடு இல்லை.

இரண்டாவது இன்னும் கசப்பானது. இங்கிலாந்திலும் வேல்சிலும் 2003 முதல் பல ஆண்டுகள் பீட்டர் பிளாட்ச்ஃபோர்டு குழுவினர் நடத்திய ஆய்வு அது. உதவியாளரின் கவனிப்பை அதிகமாகப் பெற்ற குழந்தைகள், அதே நிலையில் இருந்து குறைவாகப் பெற்ற குழந்தைகளைவிடக் குறைவாகவே முன்னேறினார்கள். உதவியாளர்கள் சோம்பேறிகளா? இல்லை, அர்ப்பணிப்போடு உழைத்தவர்கள். பின்தங்கிய குழந்தையை உதவியாளரிடம் ஒப்படைத்ததும் ஆசிரியரின் கவனம் அந்தக் குழந்தையிடமிருந்து விலகிவிட்டது. அன்றைய பாடம் என்ன என்பதையே உதவியாளர் வகுப்புக்குள் வந்துதான் தெரிந்துகொண்டார். ஆகவே புரியவைப்பதைவிட, கொடுத்த பயிற்சியை எப்படியாவது முடிக்கவைப்பதே அவர் வேலையாகிப்போனது. பெரும்பாலான ஆசிரியர்களுக்கு உதவியாளரோடு திட்டமிட்டுப் பேச ஒதுக்கப்பட்ட நேரமே இல்லை. இதைப் படித்தபோது இங்கிலாந்தைப் பற்றிப் படிக்கிறேன் என்ற எண்ணமே எனக்கு வரவில்லை.

மூன்றாவது, மாற்றுத்திறன் குழந்தைகளைப் பற்றி வெர்மாண்ட் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் ஜியாங்ரெகோ 1997-ல் எழுதியது. ஒரே குழந்தையோடு ஒட்டிக்கொண்டே இருக்கும் உதவியாளர், அந்தக் குழந்தைக்கும் மற்ற பிள்ளைகளுக்கும் நடுவில், குழந்தைக்கும் ஆசிரியருக்கும் நடுவில் தன்னையறியாமல் சுவராகிவிடுகிறார் என்றார். நடக்க முடியாத பிள்ளையின் பக்கத்தில் அந்தத் தாய் உட்கார்ந்திருக்கும் வகுப்பை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். திரும்ப அங்கே வருவோம்.

இதே இங்கிலாந்தில், உதவியாளருக்கு முறையான பயிற்சி கொடுத்து, சிறு குழுவாக, 20 முதல் 50 நிமிடத்துக்கு, வாரத்தில் மூன்று முதல் ஐந்து நாள், சில மாதங்கள் தொடர்ந்து ஒரே விஷயத்தைச் சொல்லிக்கொடுக்க வைத்தால் நல்ல முன்னேற்றம் வருகிறது என்று பிறகு வந்த சோதனைகள் காட்டின. உதவியாளர் என்ற ஏற்பாடு தோற்கவில்லை, 'நீங்க அந்தப் பக்கம் கொஞ்சம் பாத்துக்குங்க' என்ற ஏற்பாடுதான் தோற்றது.

இந்தியாவில் இதற்கு இணையான அனுபவம் பிரதம் என்ற கல்வி அமைப்பின் பால்சகி திட்டம். மும்பையிலும் வடோதராவிலும் அதே பகுதியைச் சேர்ந்த, பள்ளிப் படிப்பை முடித்த இளம்பெண்கள், மூன்றாம் நான்காம் வகுப்புகளில் எழுத்துக்கூட்டத் தெரியாத 15 முதல் 20 பிள்ளைகளைத் தினமும் இரண்டு மணி நேரம் தனியாக அழைத்துப்போய் அடிப்படையைச் சொல்லிக்கொடுத்தார்கள். தொடக்கத்தில் இரண்டு வாரப் பயிற்சி, கையில் தெளிவான பாடத்திட்டம். அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டூஃப்லோ உள்ளிட்டோர் 2007-ல் வெளியிட்ட முடிவில் முதல் ஆண்டு 0.14, இரண்டாம் ஆண்டு 0.28 திட்ட விலக்கம் அளவுக்கு மதிப்பெண் கூடியிருந்தது. ஆண்டிறுதிப் பலனில் பெரும்பகுதி பால்சகியிடம் போன பிள்ளைகளுக்கே கிடைத்தது. வகுப்பில் மிச்சமிருந்த பிள்ளைகளுக்கு எண்ணிக்கை குறைந்தும் பலன் இல்லை. கூட்டம் குறைந்தும் ஆசிரியர் தன் முறையை மாற்றிக்கொள்ளவில்லை என்று இதைப் புரிந்துகொள்ளலாம்.

பிறகு உத்தராகண்டில் இதேபோன்ற தன்னார்வலர்களைப் பள்ளிகளுக்கு அனுப்பினார்கள். அங்கே ஆசிரியர் பற்றாக்குறை. வந்தவர்களைப் பள்ளிகள் வழக்கமான வகுப்பெடுக்கப் பயன்படுத்திக்கொண்டன. பலன் இல்லாமல் போயிற்று. கென்யாவில் ஒப்பந்த ஆசிரியரைக் கூடுதலாகப் போட்ட பள்ளிகளில் நிரந்தர ஆசிரியர்கள் வகுப்பறையில் இருந்த நேரமே குறைந்தது. இதற்கெல்லாம் தனிமனிதர்களைத் திட்டிப் பயனில்லை. யாருக்கு என்ன வேலை என்று எழுதப்படாத இடத்தில் அவசரம் எதுவோ அதுவே வேலையாகிவிடும்.

தமிழ்நாட்டுக்கு வருவோம். நம்மிடமே மிக நல்ல சான்று ஒன்று இருக்கிறது. அது ஏன் ஆசிரியர் பயிற்சிகளில் பேசப்படுவதில்லை என்று எனக்கு உண்மையாகவே வருத்தம். கார்த்திக் முரளிதரன், அலெஹாண்ட்ரோ கானிமியன், கிறிஸ்டோபர் வால்டர்ஸ் மூவரும் தமிழ்நாட்டின் 320 அங்கன்வாடி மையங்களை எடுத்துக்கொண்டார்கள். பாதி மையங்களில் முன்பருவக் கல்விக்கென்றே அரைநேரத்துக்கு ஒருவர் கூடுதலாகச் சேர்க்கப்பட்டார். அவருக்கு வேறு வேலை கிடையாது. 18 மாதங்கள் கழித்துப் பார்த்தபோது குழந்தைகளுக்குக் கிடைத்த கற்பித்தல் நேரம் இரண்டு மடங்காகியிருந்தது. தொடர்ந்து மையத்தில் இருந்த குழந்தைகளின் மதிப்பெண் கணக்கில் 0.29, மொழியில் 0.46 திட்ட விலக்கம் கூடியிருந்தது. கல்வி ஆய்வுகளில் 0.2 வந்தாலே கவனிக்கத்தக்க பலன் என்பார்கள். அதைவிட முக்கியம், வயதுக்கேற்ற உயரமில்லாமை, கடும் ஊட்டச்சத்துக் குறைவு இரண்டும் குறைந்திருந்தன. புதிதாக வந்தவர் சொல்லிக்கொடுத்தது பாட்டும் எண்ணும் எழுத்தும்தான். சத்து எப்படிக் கூடியது? பழைய பணியாளருக்கு ஊட்டச்சத்து, சுகாதார வேலைகளைக் கவனிக்க நேரம் கிடைத்ததால் கூடியது. ஒருவரின் வேலையை ஒழுங்காகப் பிரித்தால் இருவரின் வேலையும் நன்றாக நடக்கும் என்பதற்கு இதைவிடச் சுத்தமான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

காலை பத்தரை மணிக்கு ஓர் அங்கன்வாடிக்குப் போய்ப் பார்த்தால் இந்தப் பிரிப்பு ஏன் தேவை என்று விளங்கும். பணியாளர் போஷன் டிராக்கர் செயலியில் வருகையைப் பதிகிறார். சிக்னல் போய்ப்போய் வருகிறது. சத்துமாவு வாங்க ஒரு கர்ப்பிணி வந்து நிற்கிறார். எடை போட வேண்டிய கைக்குழந்தை அழுகிறது. உள்ளே உதவியாளர் சாம்பாருக்குக் காய் நறுக்கிவிட்டு, முட்டையை அடுப்பில் போட்டுவிட்டு, ஒரு பிள்ளைக்குக் கால் கழுவிவிடுகிறார். சுவரில் 'ஆடிப் பாடி விளையாடு பாப்பா' கால அட்டவணை தொங்குகிறது. டீச்சர் ஒரு பாட்டைத் தொடங்குகிறார். இரண்டாவது அடியில் வாசலில் யாரோ கூப்பிடுகிறார்கள், பாட்டு அங்கேயே நிற்கிறது. பிள்ளைகள் கொஞ்ச நேரம் கையை உயர்த்தியபடியே பார்த்துவிட்டுக் கலைந்துபோகிறார்கள். இரண்டு பெண்களும் காலையிலிருந்து உட்காரவே இல்லை. மாநிலத்தில் 54 ஆயிரத்துக்கு மேற்பட்ட அங்கன்வாடி மையங்கள் இருக்கின்றன.

பெருந்தொற்றுக்குப் பின் வந்த இல்லம் தேடிக் கல்வி வேறு வகை. அதில் தன்னார்வலர் வகுப்பறைக்குள் வரவில்லை. மாலையில் தெருவிலோ கோயில் மண்டபத்திலோ இருபது பிள்ளைகள், ஒன்று ஒன்றரை மணி நேரம், மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. உச்சத்தில் சுமார் இரண்டு லட்சம் தன்னார்வலர்கள், பெரும்பாலும் பெண்கள். அபிஜித் சிங், மொரீசியோ ரொமேரோ, முரளிதரன் ஆகியோர் தமிழகக் கிராமங்களில் பிள்ளைகளைத் தொடர்ந்து அளந்ததில், பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள் கற்றல் இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டிருந்தது. அந்த மீட்சியில் கிட்டத்தட்ட கால் பங்கு இந்த மையங்களால் வந்தது. பெரிய சாதனை. இதில் எனக்கிருக்கும் ஒரே குறை, காலையில் ஆசிரியரும் மாலையில் தன்னார்வலரும் ஒரே பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தும் அவர்கள் சந்தித்துப் பேசுவது அவரவர் நல்லெண்ணத்துக்கு விடப்பட்டது என்பது.

அந்தப் பேச்சு நடந்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு ஒரு சின்ன உதாரணம். பீகாரிலிருந்து வந்த பிள்ளை இரண்டாம் வகுப்பில் 'படம்' என்ற சொல்லை வாசிக்கிறது. 'பட்டம்' என்பதில் வருவதுபோல அழுத்தி வாசிக்கிறது. ஆசிரியர் திருத்துகிறார். அடுத்து 'பாடு' வருகிறது, அதே தவறு. பிள்ளைக்குக் கவனமில்லை என்று தோன்றும். மாலையில் சொல்லிக்கொடுக்கும் பெண் சில ஆண்டுகள் கம்பெனியில் வட மாநிலத்தவரோடு லைனில் நின்று இந்தி பழகியவர் என்று வையுங்கள். அவருக்கு இது உடனே பிடிபடும். இந்தியில் ட வரிசைக்கு நான்கு எழுத்துகள் தனித்தனியாக இருக்கின்றன. நமக்கு ஒரே 'ட'. தனியாக நடுவில் வந்தால் மெலிந்தும், இரட்டித்தால் வலித்தும் ஒலிக்கும் என்பதைப் பிறவியிலேயே தமிழ் பேசும் ஆசிரியர் ஒருபோதும் விதியாகக் கற்றதில்லை, அதனால் சொல்லிக்கொடுக்கவும் தோன்றாது. இந்தச் செய்தி ஆசிரியரை எட்டினால் மறுநாள் கரும்பலகையில் படம் – பட்டம், பாடு – பாட்டு, வீடு – வீட்டில் என்று ஜோடி ஜோடியாக எழுதிப் போடுவார். ஒரு வாரத்தில் சரியாகிவிடும். எட்டாவிட்டால் அந்தப் பிள்ளை 'மெதுவாகக் கற்பவர்' என்ற பட்டியலுக்குப் போகும்.

ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் உதவியாளரின் மதிப்பு இங்கேதான் இருக்கிறது. ஆசிரியர்களில் பலர் தாம்பரத்திலிருந்தோ காஞ்சிபுரத்திலிருந்தோ பஸ் ஏறி வந்து போகிறவர்கள். பாடம் அவர்களுக்குத் தெரியும். எந்த லைன் வீட்டில் யார் இருக்கிறார்கள், எந்தக் குடும்பம் கான்ட்ராக்ட் முடிந்து ஊருக்குக் கிளம்பப்போகிறது, எந்தக் குழந்தை அப்பா நைட் ஷிப்ட் முடித்து வந்து தூங்குவதால் காலை முழுக்க வெளியே சுற்றுகிறது என்பது உள்ளூர்ப் பெண்ணுக்குத்தான் தெரியும். இரண்டு அறிவும் ஒரே வகுப்பில் சேர வேண்டும். ஒன்று உயர்ந்தது, மற்றது எடுபிடிக்கு என்று வைத்துக்கொண்டால் இரண்டாவது வாயைத் திறக்காது.

சேர்வதற்கு வழி இங்குள்ள ஆலைகளிலேயே தினமும் மூன்று முறை நடக்கிறது. ஷிப்ட் மாறும்போது போகிறவர் வருகிறவரிடம் எந்த மெஷின் தகராறு செய்தது, எந்த பார்ட் குறைவாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு, பதிவேட்டில் எழுதிவிட்டுத்தான் போவார். கார் கதவுக்குக் கிடைக்கும் இந்த மரியாதை ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குக் கிடைப்பதில்லை. வகுப்புக்கு முன் ஐந்து நிமிடம், முடிந்தபின் ஐந்து நிமிடம், ஒரு நாற்பது பக்க நோட்டு. அதில் இப்படி நான்கு வரி போதும்: "மூணு பேர் 14-ஐ 41-னு எழுதறாங்க. முன் பெஞ்சு பொண்ணு கதை நல்லா சொல்றா, எழுதச் சொன்னா அழுறா. புதுசா வந்த பையனுக்குப் பசி, காலை உணவுக்கு முன்னாடியே அனுப்பச் சொல்லணும். நாளைக்குக் கழித்தல், குச்சி எடுத்து வைக்கணும்." இதை எழுத உதவியாளருக்குப் பட்டம் தேவையில்லை, படித்துப் பார்க்க ஆசிரியருக்குப் பத்து நிமிடம் தேவை. அந்தப் பத்து நிமிடம் கால அட்டவணையில் இருக்க வேண்டும். இடைவேளையில் பேசிக்கொள்ளுங்கள் என்றால் இடைவேளையில் சத்துணவும் கழிப்பறையும்தான் நடக்கும்.

அடுத்தது, யார் யாரோடு உட்கார்வது. 2022-ல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டம் ஒன்று முதல் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலையால் பிரித்தது. பிரிப்பில் தவறில்லை. இரண்டாவது ஆள் கிடைத்ததும் நடப்பது என்னவென்றால், அரும்புக் குழு அவரிடம் போய்விடும். மலர்ப் பிள்ளைகள் ஆசிரியரோடு மேலே மேலே போவார்கள். பிளாட்ச்ஃபோர்டு குழு கண்ட பள்ளம் இதுவேதான். நான் இதில் கறாராக இருக்கிறேன். எழுத்துக்கூட்டத் தெரியாத பிள்ளைக்குத்தான் வகுப்பிலேயே அதிகம் படித்த, அதிகம் பயிற்சி பெற்ற ஆள் தேவை. ஆசிரியர் அரும்போடு உட்காரட்டும். தானாக வாசிக்கத் தெரிந்த பிள்ளைகளின் பயிற்சியை உதவியாளர் மேற்பார்க்கட்டும். அரும்புப் பிள்ளைகளை உதவியாளரிடம் அனுப்புவதானால் பால்சகி போல, ஆசிரியர் அன்று காலை நடத்தியதையே மீண்டும் பழக்க, குறித்த நேரத்துக்கு, குறித்த திட்டத்தோடு அனுப்பலாம். ஆண்டு முழுக்க மூலையில் உட்காரவைப்பதற்கு அனுப்பக் கூடாது.

உதவியாளர் கற்றுக்கொள்ள வேண்டியதில் கடினமானது சும்மா இருப்பது. பிள்ளை 'மரத்தில்' என்ற சொல்லில் 'மர' வரை வந்து திணறும். பக்கத்தில் இருக்கும் அன்பான பெரியவர் வாய் 'மரத்தில்' என்று சொல்லிவிடும். பிள்ளை அதையே திருப்பிச் சொல்லிவிட்டு அடுத்த சொல்லுக்குப் போகும். வரி முடிந்துவிட்டது, வாசிப்பு நடக்கவில்லை. மனத்துக்குள் ஐந்து எண்ணிவிட்டு, அப்போதும் வராவிட்டால் 'த்' மேல் மட்டும் விரலை வைப்பது என்று ஒரு பழக்கத்தை ஆசிரியர் ஒருமுறை செய்து காட்டினால் போதும். செய்து காட்ட வேண்டும், அதுதான் முக்கியம். சுற்றறிக்கையில் இது வராது.

பிள்ளைகள் முன்னால் ஒருவரை ஒருவர் விட்டுக்கொடுக்காமல் இருப்பதும் வேலையின் ஒரு பகுதி. "ஆயாகிட்ட போகாத, டீச்சர் சொல்றதக் கேளு" என்று ஒருநாள் சொல்லிவிட்டால் அன்றோடு அந்த வகுப்பில் இரண்டாவது ஆள் இல்லை. முறை எதுவானாலும், டீச்சர், அக்கா, அம்மா என்று பிள்ளைகள் இருவரையும் ஒரே மரியாதையோடு கூப்பிடும் வகுப்புகளில் உதவியாளர் தைரியமாகத் தனக்குத் தெரிந்ததைச் சொல்வார். உதவியாளர் பக்கமும் ஒரு கடமை உண்டு. ஒரு வீட்டில் நடப்பது ஆசிரியரின் காதோடு நிற்க வேண்டும், தெருக்குழாயடிக்குப் போகக் கூடாது.

மாற்றுத்திறன் குழந்தைகளின் விஷயத்துக்கு வருகிறேன். 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் ரஜ்னீஷ் குமார் பாண்டே வழக்கில், தொடக்க நிலையில் பத்துக் குழந்தைகளுக்கு ஒருவர், அதற்கு மேல் பதினைந்து குழந்தைகளுக்கு ஒருவர் என்று சிறப்பாசிரியர் விகிதத்தைச் சொன்னது. நடைமுறையில் வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநர் பல பள்ளிகளுக்கு முறைவைத்துப் போகிறவர். அவர் வராத நாட்களில் குழந்தை வகுப்பாசிரியரின் பொறுப்பு. வருகிற நாளில் அவர் குழந்தையைத் தனியாக ஒரு மூலைக்கு அழைத்துப்போய் முக்கால் மணி நேரம் பயிற்சி கொடுத்துவிட்டுப் போனால் மிச்ச நாட்களுக்கு எதுவும் மிஞ்சாது. அந்த நேரத்தில் பாதியை ஆசிரியருக்குச் சொல்லிக்கொடுப்பதில் செலவிட்டால், குழந்தையை எப்படி உட்காரவைப்பது, எந்தக் கேள்வியை எப்படிக் கேட்பது என்று ஒரு பக்கத்தில் எழுதி வைத்துவிட்டுப் போனால், அந்தப் பக்கம் வாரம் முழுக்க வேலை செய்யும்.

அந்தத் தாய்? அவர் உட்கார்ந்திருப்பதால் பிள்ளை பள்ளியில் இருக்கிறது, அதற்கு நாம் தலைவணங்க வேண்டும். ஆனால் கம்பெனி வேலைக்குப் போகக்கூடிய ஒரு பெண் தன் சம்பளத்தை விட்டுவிட்டு அரசுப் பள்ளியின் உதவியாளராகச் சம்பளமில்லாமல் வேலை செய்கிறார் என்பதுதான் அதன் கணக்கு. கழிப்பறைக்கும் சாப்பாட்டுக்கும் துணை நிற்க ஆளிருந்தால், மற்ற நேரத்தில் பக்கத்துப் பிள்ளையோடு பிள்ளையாக அது உட்காரும். ஜியாங்ரெகோ சொன்ன சுவரும் இருக்காது.

சம்பளத்தைப் பேசாமல் இந்த ஆய்வை முடிக்க முடியாது. 2019-ல் 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கியபோது தொடக்கப் பள்ளி ஆசிரியர்களை அனுப்பினார்கள். பிறகு அவர்களைத் திரும்ப அழைத்து 2022-ல் மாதம் 5,000 ரூபாய்க்குத் தற்காலிக ஆசிரியர்களைப் போட்டார்கள். சிறப்புப் பயிற்றுநர்களின் ஊதியம் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்ட நிதியைச் சார்ந்தது. பி.எம். ஸ்ரீ பள்ளித் திட்ட ஒப்பந்தத்தைக் காரணம் காட்டி ஒன்றிய அரசு 2024-25-க்கான 2,152 கோடி ரூபாயை நிறுத்திவைத்தபோது முதலில் கலங்கியவர்கள் இவர்களைப் போன்றவர்கள். அங்கன்வாடிப் பணியாளருக்கும் உதவியாளருக்கும் பணிக்கொடை உண்டு என்பதைக்கூட 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம்தான் சொல்ல வேண்டியிருந்தது. மற்ற ஊர்களில் 5,000 ரூபாய்க்கு ஒருவர் ஐந்து ஆண்டு இருப்பார். ஸ்ரீபெரும்புதூரில் இருக்க மாட்டார். பிளஸ் டூ முடித்த பெண்ணுக்கு எலக்ட்ரானிக்ஸ் ஆலையில் கிடைப்பது அதைவிடப் பல மடங்கு, பஸ்ஸும் சாப்பாடும் வேறு. ஒவ்வோர் ஆண்டும் ஆள் மாறினால் ஆசிரியர் யாரோடு பழகி, எதைப் பிரித்துக்கொள்வார்?

ஆகவே இந்த வட்டாரத்துக்கு வழி வேறாகத்தான் இருக்க வேண்டும். கல்யாணம், குழந்தை என்று லைன் வேலையை விட்டுவிட்டு ஊரிலேயே இருக்கும் பெண்கள் இருக்கிறார்கள், அவர்களின் பிள்ளைகளும் அதே பள்ளியில் படிக்கலாம். நேரத்துக்கு வருவதும் எழுதி வைப்பதும் அவர்களுக்கு ஏற்கெனவே பழக்கம். இந்தியோ ஒடியாவோ பேசக்கூடியவர்களையும் அவர்களில் தேடலாம். வட மாநிலக் குடும்பங்களிலேயே பத்தாவது, பன்னிரண்டாவது படித்த தாய்மார்களையும் தேடலாம். அரைநேர வேலை, கற்பித்தல் துணை மட்டுமே பொறுப்பு, சமையலும் பதிவேடும் அவர் தலையில் விழாது என்று எழுத்தில் வேண்டும். 320 மையங்களின் சோதனையில் வேலை செய்தது அந்த எழுத்துதான். 2022 டிசம்பரில் தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' வழியாகவும், நேரடியாகவும், கம்பெனிகளின் சி.எஸ்.ஆர். பணம் பள்ளிகளுக்கு வருகிறது. பெஞ்சு, பெயின்ட், ஸ்மார்ட் போர்டு என்று புகைப்படத்தில் தெரிகிறவற்றுக்குப் பணம் எளிதாக வரும். அரசு கொடுக்கும் 5,000 ரூபாயை இரட்டிப்பாக்க ஒரு பள்ளிக்கு ஆண்டுக்கு 60,000 ரூபாய் வேண்டும். இந்த வட்டாரத்துக் கம்பெனிகளுக்கு இது ஒரு தொகையே இல்லை. நியமனமும் பொறுப்பும் அரசிடமே இருக்க வேண்டும், கம்பெனி மாறினால் ஆள் போய்விடக் கூடாது.

பணம் தேவைப்படாத ஒன்றை இந்தக் கல்வியாண்டிலேயே தொடங்கலாம். குறுவள மையப் பயிற்சிக்கு ஆசிரியர்கள் கூடும் நாட்களில் உதவியாளர்களுக்கும் தன்னார்வலர்களுக்கும் அழைப்பு இருப்பதில்லை. ஒரே வகுப்பைப் பார்க்கும் இருவரையும் அந்த நாளில் ஒரே மேசையில் உட்காரவைத்து, அடுத்த மாதத்துக்கான பாடத்தை முன்னால் வைத்து, எந்தப் பிள்ளைக்கு யார், எத்தனை நிமிடம் என்று எழுதச் சொல்லலாம். உதவியாளருக்கு அந்த நாளின் கூலியும் பஸ் கட்டணமும் கிடைக்க வேண்டும்.